கூட்டம் சேரும்போதெல்லாம் அறுந்துபோகும் இணைப்பு

கடிதத்தின் சாரம்: தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப மையமும் சேர்த்து நடத்தும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடையில் நான்கு கணினிகள். அவற்றுக்கு இணையத்தைப் பகிர்ந்தளிப்பது டெபியன் 12 லினக்ஸ் ஓடும் ஒரு பழைய மடிக்கணினி. வளைகுடா வேலைக்குப் போவதற்கு முன் தம்பி அமைத்துக் கொடுத்தது அது. மடிக்கணினியின் சொந்த லேன் போர்ட்டில் ஃபைபர் பெட்டியின் கேபிள் வருகிறது. யூ.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்றின் வழியாக ஸ்விட்ச்சுக்கும், அங்கிருந்து நான்கு கணினிகளுக்கும் இணைப்பு போகிறது. எட்டு மாதம் தொல்லை இல்லை. கடந்த நான்கு மாதங்களாக நாளுக்கு நான்கைந்து முறை கணினிகள் நான்கும் ஒரே நேரத்தில் இணைப்பை இழக்கின்றன. பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடுகிறது, ஓ.டி.பி. காலாவதியாகிவிடுகிறது. இரண்டு முறை, பணம் கட்டிய கையோடு பக்கம் நின்றுபோய், வந்தவரிடம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இதுவரை மூன்று அடாப்டர்கள் வாங்கிவிட்டார். மணிக்கொரு முறை மடிக்கணினி தானாக ரீபூட் ஆகும்படியும் செய்திருக்கிறார். “லினக்ஸுக்கும் யூ.எஸ்.பி.க்கும் ஆகாது, விண்டோஸ் போடு” என்கிறார் உறவினர். “உங்கள் கணினியில்தான் கோளாறு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஊழியர். “கூட்டம் இருக்கும்போதுதான் அறுகிறது, நான்கு கணினிகளின் பாரத்தை அடாப்டர் தாங்கவில்லை போலிருக்கிறது. விலை கூடியதாக நான்காவது ஒன்று வாங்கட்டுமா, விண்டோஸுக்கு மாறட்டுமா? புதிய ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு வாங்கிய கடன் வேறு இருக்கிறது. தவறான செலவு இனி செய்ய முடியாது” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

“நெட் அடிக்கடி போகிறது, என்ன செய்ய?” என்று ஒரே வரியில் எழுதுபவர்கள்தான் அதிகம். நீங்கள் ரீபூட் ஏற்பாட்டை நிறுத்திவைத்திருந்த ஒரு திங்கட்கிழமையின் கர்னல் பதிவை (லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பு) முழுதாக நகலெடுத்து, நெட்வொர்க் அமைப்புக் கோப்பையும் மேசையின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் இல்லாதிருந்தால் நானும் இன்னொரு அடாப்டரைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் பணமும் வீணாகியிருக்கும்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கு மாற வேண்டாம். நான்காவது அடாப்டரும் இப்போது வேண்டாம். நீங்கள் வாங்கிய மூன்றுமே பழுதில்லாதவையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், மூன்று அடாப்டர்களையும் வெவ்வேறு பெயர் போட்ட பெட்டிகளில் வாங்கினீர்கள். ஆனால் யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் வெளியீட்டில் மூன்றும் ஒரே அடையாள எண்ணைக் காட்டுகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது ரியல்டெக் 8153 என்ற ஒரே சிப். சந்தையில் கிகாபிட் அடாப்டர்கள் பலவற்றில் இருப்பது அதுதான். தனித்தனியாக வாங்கிய மூன்று அடாப்டர்கள் ஒரே விதமாக விழுகின்றன என்றால், மூன்றும் பழுது என்று எண்ணுவதற்கு முன், மூன்றுக்கும் பொதுவாக இருந்தவற்றைப் பார்க்க வேண்டும்: அதே டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்), அதே ஹப் (ஒரு யூ.எஸ்.பி. போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி), அதே மேசை, அதே மின்சாரம். உங்கள் பணம் முழுவதும் வீணாகவில்லை. சந்தேகம் எங்கே போக வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்திருக்கிறது.

வெளியே ஒரே தோற்றம், உள்ளே மூன்று கோளாறுகள்

விண்ணப்பப் பக்கம் பாதியில் நின்றால், பார்ப்பவருக்கு எல்லாம் “நெட் போய்விட்டது” என்ற ஒன்றுதான். அடாப்டர் பக்கத்தில் நடந்தது மூன்றில் ஒன்றாக இருக்கும். லேன் கேபிளில் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். அப்போது அடாப்டர் கணினியோடுதான் இருக்கும், “லிங்க் டவுன்” என்ற வரி மட்டும் பதிவில் விழும். அல்லது அடாப்டரே யூ.எஸ்.பி.யிலிருந்து கழன்று விழுந்திருக்கலாம். கையால் பிடுங்கியது போலவே கர்னல் அதை உணர்ந்து “யூ.எஸ்.பி. டிஸ்கனெக்ட்” என்று எழுதும். திரும்பி வரும்போது அதற்குப் புதிய சாதன எண் கொடுக்கும். மூன்றாவது வகையில் அடாப்டர் இருக்கும், விளக்கும் எரியும், தரவு மட்டும் நகராது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு “நெட்டெவ் வாட்ச்டாக்” என்ற எச்சரிக்கையைக் கர்னல் பதியும்.

முதலாவதற்குக் கேபிளையும் ஸ்விட்ச்சின் போர்ட்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு மின்சாரம், ஹப், மின் இரைச்சல், மின்சேமிப்பு அமைப்புகள். மூன்றாவதற்கு டிரைவரும், சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரும். எது என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை வரிசையாக அடித்துப் பார்ப்பதால்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

உங்கள் பதிவை உட்கார்ந்து எண்ணினேன். அடாப்டர் கழன்று விழுந்த வரி 11 இடங்களில் இருக்கிறது. வாட்ச்டாக் ஒரே ஒரு முறை, அதுவும் கழன்று விழுவதற்குச் சில நொடிகள் முன்பு. கேபிள் தொடர்பு தனியாக அறுந்தது ஒருமுறைகூட இல்லை. ஆகவே இது இரண்டாவது வகை. நீங்கள் உணர்ந்தது நான்கைந்து முறை, பதிவில் இருப்பது 11. அந்த வேறுபாட்டுக்கும் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சாதன எண்களையும் பாருங்கள். காலையில் அடாப்டருக்கு 5 என்று தொடங்குகிறது, கடை மூடும்போது எண் 17-இல் நிற்கிறது. இடையில் புதிதாகக் கொடுக்கப்பட்டவை 12 எண்கள். அவற்றில் 11 அடாப்டருடையவை. மிச்சமிருக்கும் ஒன்று உங்கள் வெளி ஹார்ட் டிஸ்க்குடையது. மாலை 4 மணி வாக்கில் அதுவும் ஒருமுறை கழன்று மீண்டிருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. இந்தப் பதிவிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான். வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் கழன்றால் அந்தக் கோப்பு பாதியில் நின்றுவிடும், சில வேளை கோப்பமைப்பே கெடும். அடாப்டர் போனால் ஒரு விண்ணப்பத்தைத் திரும்ப நிரப்பலாம், டிஸ்க் அப்படி அல்ல.

ஹப்பை முதலில் கழற்றுங்கள்

படத்தில் அடாப்டர், ஹார்ட் டிஸ்க், கம்பியில்லா மவுஸின் ரிசீவர் மூன்றும் ஒரு சிறிய யூ.எஸ்.பி. 2.0 ஹப்பில் தொங்குகின்றன. அந்த ஹப்புக்குத் தனி மின் இணைப்பு இல்லை. மடிக்கணினியின் ஒரே போர்ட் தரும் மின்சாரத்தைத்தான் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கலாம். சுழலும் வகை ஹார்ட் டிஸ்க் ஒன்றே சுழலத் தொடங்கும் கணத்தில் 500-ஐத் தொட்டுவிடும், சில தாண்டியும் விடும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சற்றே சரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் அடாப்டர் மயங்கி விழும்.

இப்படிப்பட்ட ஹப்பில் அதிகம் கேட்கும் சாதனத்தைச் செருகினால் கர்னல் மறுக்க வேண்டும். மறுப்பதற்கான விதியும் அதில் இருக்கிறது. ஆனால் மலிவான ஹப்கள் பல “எனக்குத் தனி மின்சாரம் இருக்கிறது” என்று கணினியிடம் பொய்யான தகவலைச் சொல்கின்றன. கர்னல் அதை நம்பி அனுமதித்துவிடுகிறது. ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு கேட்கிறது என்பதை எல்எஸ்யூஎஸ்பியின் விரிவான வெளியீட்டில் “மேக்ஸ்பவர்” என்ற வரியில் பார்க்கலாம். உங்கள் மூன்று சாதனங்களின் எண்களையும் கூட்டிப் பாருங்கள்.

மடிக்கணினியின் பக்கங்களில் கறுப்பு நிற போர்ட் ஒன்றும் நீல நிற போர்ட் ஒன்றும் காலியாக இருப்பது படத்தில் தெரிகிறது. அடாப்டரைக் கறுப்பு போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அது யூ.எஸ்.பி. 2.0, நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 300 கிடைத்தாலும் உங்கள் 100 மெகாபிட் ஃபைபர் திட்டத்துக்கு அது தாராளம். ஹார்ட் டிஸ்க்கை நீல போர்ட்டில் செருகுங்கள். யூ.எஸ்.பி. 3.0 என்பதால் அங்கே 900 மில்லி ஆம்பியர் கிடைக்கும். மவுஸ் ரிசீவரை மட்டும் நீல போர்ட்டுக்கு அருகில் வைக்காதீர்கள், அது ஹப்பிலேயே இருக்கட்டும். யூ.எஸ்.பி. 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. கம்பியில்லா மவுஸ் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான்.

அடாப்டருக்கு நீட்டிப்பு யூ.எஸ்.பி. கேபிள் எதையும் இடையில் போடாதீர்கள். ஓர் அலுவலகத்தில் இதே போன்ற கோளாறுக்காக ஆறு நாட்கள் டிரைவரையும் கர்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் மேசைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள். அன்றிலிருந்து விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கூட்டமா, ஜெராக்ஸ் இயந்திரமா?

“கூட்டம் இருக்கும்போதுதான் அறுகிறது” என்பது மிகச் சரியான கவனிப்பு. அதிலிருந்து நீங்கள் வந்த முடிவைத்தான் திருத்த வேண்டும். நான்கு பேர் விண்ணப்பம் நிரப்புவதும் சில நூறு கிலோபைட் படங்களை ஏற்றுவதும் இந்த அடாப்டருக்கு ஒரு பாரமே இல்லை. கூட்டம் வரும்போது கடையில் வேறென்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடுகிறது.

இரண்டு செய்திகளைக் கடிதத்தின் வெவ்வேறு பத்திகளில் எழுதியிருக்கிறீர்கள். தொல்லை தொடங்கி நான்கு மாதம் ஆகிறது என்பது முதல் பத்தியில். இயந்திரக் கடனுக்கு நான்கு தவணை கட்டியாயிற்று என்பது கடைசிப் பத்தியில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குப் பொறி தட்டியது.

ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் சூட்டு உருளை இருக்கிறது. அதன் வெப்பத்தைக் காக்க அது விட்டுவிட்டு மின்சாரத்தை இழுக்கும், ஒவ்வொரு இழுப்பும் ஏறக்குறைய ஆயிரம் வாட் அளவுக்குப் போகலாம். உங்கள் படத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அந்த இயந்திரம், மடிக்கணினி சார்ஜர், ஸ்விட்ச் மூன்றும் செருகப்பட்டிருக்கின்றன. ஹப்பின் கம்பியும் இயந்திரத்தின் தடித்த மின்கம்பியும் சேர்த்து ஒரே டேப்பால் சுற்றப்பட்டிருக்கின்றன. மேசை அழகாக இருக்க வேண்டும் என்று செய்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு இழுப்பின்போதும் எழும் மின் இரைச்சல் பக்கத்துக் கம்பிக்குள் ஏற அது நல்ல வழி.

கர்னலும் இதைக் கோடிட்டுக் காட்டியிருக்கிறது. பதிவில் இரண்டு இடங்களில், ஹப் அந்தப் போர்ட்டைத் தானே அணைத்துவிட்டது, மீண்டும் இயக்குகிறேன் என்ற வரி வருகிறது. அடைப்புக்குறிக்குள் மின்காந்தக் குறுக்கீட்டைக் குறிக்கும் “இ.எம்.ஐ.” என்ற சுருக்கமும் ஒரு கேள்விக்குறியும் இருக்கின்றன. கேள்விக்குறியை நான் சேர்க்கவில்லை, கர்னலை எழுதியவர்களே போட்டது. போர்ட் அணைந்தது மட்டுமே கர்னலுக்கு உறுதியாகத் தெரியும், காரணம் அதன் ஊகம். அடுத்தடுத்து வரும் -71 என்ற எண்ணும் இதோடு பொருந்துகிறது. யூ.எஸ்.பி. கம்பியில் போன செய்தி சிதைந்தது அல்லது ஒழுங்கான பதில் வரவில்லை என்று அதற்குப் பொருள். பதில் வராமல் நேரம் கடந்துவிட்டால் வருவது -110. உங்கள் பதிவில் -71 தான் நிறைய.

நான் சொல்வதும் ஊகம்தான், சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஜெராக்ஸ் இயந்திரத்தை அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்து, சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதை ஓட்டுவது தீ விபத்து நோக்கிலும் ஆபத்து, அதற்காகவாவது இதைச் செய்தாக வேண்டும். டேப்பை வெட்டிக் கம்பிகளைப் பிரித்து ஓர் அடி இடைவெளி விடுங்கள். எர்த் கம்பி உண்மையிலேயே தரையோடு இணைந்திருக்கிறதா என்று ஒரு மின் பணியாளரை அழைத்து அளந்து பாருங்கள். மூன்று துளை சாக்கெட் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது மெல்லிய சுரீர் உணர்வு இருந்தால் இதை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

ஹப்பைக் கழற்றுவதையும் இயந்திரத்தை மாற்றுவதையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் ஹப் மாற்றம் மட்டும். அறுதல் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் இயந்திரத்தைச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள். நிற்காமல் குறைந்தால் மூன்றாம் நாள் இயந்திரத்தை மாற்றிப் பாருங்கள்.

திரும்பி வந்த அடாப்டரை யாரும் எழுப்பவில்லை

ரீபூட் செய்தாலோ தம்பி சொல்லிக்கொடுத்த கட்டளையை அடித்தாலோதான் சரியாகிறது என்பதால் அடாப்டர் செத்துக் கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள். பதிவில் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நொடிகளில் அது திரும்பி வந்து, கர்னல் அதை அடையாளம் கண்டு, டிரைவரும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஐபி முகவரியைத்தான் யாரும் அதற்குத் திரும்பக் கொடுக்கவில்லை.

நீங்கள் ஒட்டியிருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் அடாப்டரின் பெயருக்கு முன் “ஆட்டோ” என்ற சொல் இருக்கிறது. (கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், கோப்பில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.) டெபியனில் அதற்கு, கணினி துவங்கும்போது இதை இயக்கு என்று பொருள். நடுவில் கழன்று திரும்பி வந்தால் அது எட்டிப்பார்ப்பதில்லை. அந்தச் சொல்லுக்குப் பதில் “அலவ்-ஹாட்பிளக்” என்று போட்டால், அடாப்டர் எப்போது தோன்றினாலும் முகவரி கொடுக்கப்படும். 11 முறை விழுந்தும் நீங்கள் நான்கைந்து முறை மட்டுமே உணர்ந்ததன் காரணமும் இதுதான். முதல் விழுதலில் இணைப்பு போகிறது. நீங்கள் அந்தக் கட்டளையை அடித்து எழுப்பும்வரை அடுத்தடுத்த விழுதல்கள் கணக்கில் தெரிவதில்லை.

முகவரிகளை மற்ற கணினிகளுக்குப் பங்கிடும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலிலும் ஒரு வரியைப் பாருங்கள். “பைண்ட்-இன்டர்ஃபேசஸ்” என்று இருந்தால் அது தொடங்கும் நேரத்தில் இருக்கும் முகவரிகளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். “பைண்ட்-டைனமிக்” என்று மாற்றினால் பிறகு வருபவற்றையும் சேர்த்துக்கொள்ளும்.

அடாப்டர் மாற்றும்போதெல்லாம் தம்பியை இரவில் அழைத்துக் கோப்பில் பெயர் திருத்த வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். டெபியன் இந்த அடாப்டருக்கு அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு அடாப்டருக்கும் உரிய தனி எண்) வைத்துப் பெயர் சூட்டுகிறது. அடாப்டர் மாறினால் பெயரும் மாறும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் “லிங்க்” வகைக் கோப்பு ஒன்றில், இந்த யூ.எஸ்.பி. போர்ட்டில் எது செருகப்பட்டாலும் அதன் பெயர் “லேன்0” என்று எழுதி வைக்கலாம். அப்புறம் எந்த அடாப்டரைச் செருகினாலும் அதே பெயர்தான். தம்பிக்குக் கால் மணி நேர வேலை.

இவற்றைச் செய்தபின் அடாப்டர் விழுந்தாலும் சில நொடிகளில் கணினிகள் மீளும். மூலக் கோளாறு இதனால் தீராது. ஆனால் அதைத் தேடும் நாட்களில் கடை நிற்காது.

மணிக்கொரு ரீபூட்டை இன்றே நிறுத்துங்கள். அது சரியாக ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டும் நொடியில் நடக்கலாம். நீங்கள் கைப்பணம் கொடுத்த அந்த இரண்டு முறையில் ஒன்றாவது அப்படி நடந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன், நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ரீபூட்டும் டிமெசேஜ் கட்டளை காட்டும் கர்னல் பதிவையும் துடைத்துவிடுகிறது. முந்தைய துவக்கத்தின் பதிவை ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கேட்டுப் பெறலாம் என்றாலும், ஒரு நாளை 24 துண்டாக்கி வைத்தால் அதில் எதையும் பார்க்க முடியாது.

மின்சேமிப்பு அமைப்பும் டிரைவரும்

உங்கள் பதிவைப் பார்த்தால் இவை இரண்டாம் நிலைச் சந்தேகங்கள்தான். ஆனாலும் சரிபார்க்கச் செலவில்லை. பேட்டரி நீடிக்கத் தம்பி டிஎல்பி என்ற நிரலை நிறுவியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது யூ.எஸ்.பி. சாதனங்களைச் சும்மா இருக்கும்போது உறங்கவைக்கும். சில அடாப்டர்கள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. எப்போதும் மின் இணைப்பிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு இந்தச் சேமிப்பு தேவையே இல்லை. டிஎல்பியின் அமைப்பில் யூ.எஸ்.பி. ஆட்டோசஸ்பெண்ட் என்ற வரிக்கு 0 கொடுத்துவிடுங்கள். உங்கள் அடாப்டர் விழுவது வேலை நடக்கும்போது என்பதால் இது முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. காலையில் கடை திறந்ததும் முதல் இணைப்பு வரத் தாமதமாகிறது என்கிறீர்களே, அது இதனால் இருக்கலாம்.

பதிவின் தொடக்கத்தில், டிரைவர் தன் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் -2 என்று எழுதிய வரி ஒன்றும் இருக்கிறது. அந்தக் கோப்பு இல்லாமலும் அடாப்டர் ஓடும். ஆனால் சிப்பில் பின்னாளில் செய்த திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது. கோப்பு “ஃபர்ம்வேர்-ரியல்டெக்” என்ற தொகுப்பில் இருக்கிறது. டெபியன் உறுப்பினர்கள் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி எடுத்த முடிவின்படி, 12-ஆம் பதிப்பில் இத்தகைய தொகுப்புகளுக்கு “நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்” என்று தனிப் பிரிவு வந்தது. தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் உங்கள் ஆதாரப் பட்டியலில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினிகளில் அது பல வேளை விட்டுப்போயிருக்கும்.

டிரைவர் எது என்பதை எல்எஸ்யூஎஸ்பியை மர வடிவில் காட்டச் சொன்னால் தெரியும். “ஆர்8152” என்று இருக்க வேண்டும், இருக்கிறது, நல்லது. “சிடிசி” என்று தொடங்கும் பொது டிரைவர் ஏறியிருந்தால் வேறு கதை.

“லினக்ஸுக்கும் யூ.எஸ்.பி.க்கும் ஆகாது” என்ற உறவினரின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இதே 8153 சிப், மடிக்கணினிக்குக் கூடுதல் போர்ட்கள் தரும் ஒரு டாக்கிங் சாதனத்துக்குள் வைக்கப்பட்டபோது, உள்வரும் தரவு சிதைந்தது. பல தரவுப் பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பும் வசதியை அந்தச் சாதனத்துக்கு மட்டும் அணைக்கும் திருத்தத்தை 2018-இல் லினக்ஸ் கர்னலில் சேர்த்தார்கள். டிரைவர் கோளாறுகள் வருவதுண்டு. ஆனால் அவை கூட்டம் பார்த்து வருவதில்லை. உங்களுடையது கடையின் அன்றாட நேரத்தோடு ஒட்டி வருகிறது. விண்டோஸ் போட்டாலும் அதே ஹப், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் இருக்கும்.

யூ.எஸ்.பி.யே வேண்டாம் என்றால்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் தீராவிட்டால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, செலவே இல்லாதது. ஃபைபர் பெட்டியின் பின்புறம் பல லேன் போர்ட்கள் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது. ஸ்விட்ச்சை நேராக அதில் செருகி, இணையத்தைப் பங்கிடும் வேலையை அந்தப் பெட்டிக்கே விட்டுவிடலாம். மடிக்கணினி தன் சொந்த லேன் போர்ட் வழியாக ஸ்விட்ச்சில் ஒரு சாதாரண கணினியாக இருந்து, அச்சுப்பொறியையும் கோப்புகளையும் பகிர்ந்தால் போதும். மடிக்கணினியில் முகவரி பங்கிடும் நிரலை மட்டும் அணைக்க மறக்காதீர்கள். இரண்டு இடத்திலிருந்து முகவரி வந்தால் குழப்பம்தான். தம்பி மடிக்கணினியில் வைத்திருக்கும் தளத் தடைகள் இதில் போய்விடும் என்பது ஒன்றுதான் இழப்பு. விண்ணப்பக் கடைசித் தேதிகள் நெருங்கும் வாரத்தில் சோதனைகளை ஒத்திவைத்து இப்படி ஓட்டுங்கள் என்பதே என் ஆலோசனை.

இரண்டாவது, வீலேன் வசதி உள்ள ஸ்விட்ச் ஒன்று வாங்குவது. மடிக்கணினியின் ஒரே லேன் போர்ட்டில் இரண்டு தனித்தனி வலைகளை அது கொண்டுவந்து தரும். யூ.எஸ்.பி. அடாப்டர் தேவைப்படாது. தம்பியின் அமைப்பும் அப்படியே இருக்கும். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நான்காவது அடாப்டரைவிட இதற்குச் செலவழிக்கலாம். அடாப்டர்தான் வாங்குவேன் என்றால், ரியல்டெக் அல்லாத வேறு சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதே சிப்பை நான்காவது முறை வாங்கினால் புதிதாக எதுவும் தெரியவராது.

கடைக்காரரிடம் மூன்று அடாப்டர்களையும் திருப்பிக் கொடுக்கும் உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொருளில் குறை இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். ஆனால் குறை பொருளில்தான் என்று இப்போது சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் ஹப் இல்லாமல், ஜெராக்ஸ் இயந்திரம் தள்ளி இருக்கும் நிலையில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஒன்று விழுந்தால் அதைப் பதிவோடு எடுத்துப் போங்கள். அதுவரை பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

இன்றிரவு கடை மூடியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். வேலை முடிந்த வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களையும் சான்றிதழ்களையும் அப்போதே அழித்துவிடுவது நல்லது. அவை உங்களிடம் இருக்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. நாளைக் காலை அடாப்டரையும் டிஸ்க்கையும் ஹப்பிலிருந்து கழற்றுங்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, பெரிய வேலை ஒவ்வொன்றும் தொடங்கும் மணியையும் நிமிடத்தையும் பென்சிலால் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தத் தாளின் படத்தையும் கர்னல் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டின் நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.